1500 மீட்டர் நீச்சல்: கைவீச்சை நீட்டுவதா, ரேட்டை ஏற்றுவதா?

நூறு மீட்டரை இரண்டு நிமிடத்தில் நீந்துபவர் மாதக்கணக்கில் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். 1500 மீட்டரை நிற்காமல் முடிக்கவும் முடிகிறது. ஆனால் கடிகாரம் 30 நிமிடத்தை விட்டு நகர மறுக்கிறது. இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவருக்குக் குளத்தில் இரண்டு யோசனை கிடைக்கும். "கையை நல்லா நீட்டு, கிளைடு பண்ணு, லேப்புக்கு நாலு ஸ்ட்ரோக் குறை" என்பார் ஒருவர். "கை ரொம்ப மெதுவா சுத்துது, வேகமாப் போடு" என்பார் அடுத்தவர். (லேப் என்பது இங்கே குளத்தின் ஒரு நீளம், 25 மீட்டர். கிளைடு என்பது நீட்டிய கையோடு சற்று நேரம் சறுக்குவது.) இரண்டும் நல்ல யோசனைதான், ஆனால் வெவ்வேறு ஆளுக்கு. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை ஒரே ஒரு பயிற்சி நேரத்தில் அளந்து பார்த்துவிடலாம். அளக்காமல் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் உழைப்பதுதான் வருத்தமான விஷயம்.

முதலில் கணக்கு

வேகம் என்பது ஸ்ட்ரோக் ரேட்டையும் ஸ்ட்ரோக் லெங்த்தையும் பெருக்கி வருவது. நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்பது ரேட். ஒரு கைவீச்சில் உடல் எவ்வளவு தூரம் முன்னே போகிறது என்பது லெங்த். இங்கே வலக்கையையும் இடக்கையையும் தனித்தனி வீச்சாகவே எண்ணுகிறோம். இதை ஆரம்பத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். போட்டி அறிக்கைகள் பலவற்றில் இரண்டு கையும் சேர்ந்த ஒரு சுற்றுதான் ஓர் எண். அங்கே 40 என்று இருந்தால் நம் கணக்கில் அது 80. கார்மின் கைக்கடிகாரமும் அது கட்டியிருக்கும் கையை மட்டுமே எண்ணும். 25 மீட்டருக்கு 12 என்று காட்டினால் நீங்கள் போட்டது 23 அல்லது 24 வீச்சு.

லெங்த்தைக் கணக்கிடும்போது சுவரை உதைத்துச் சறுக்கும் தூரத்தைக் கழிக்க வேண்டும். 25 மீட்டர் குளத்தில் பெரும்பாலானவர்களுக்கு அது 5 மீட்டர், சுமார் 3 விநாடி. மீதி 20 மீட்டரை 24 வீச்சில் 27 விநாடியில் கடந்தால் ரேட் 53, லெங்த் 83 சென்டிமீட்டர். கழிக்காமல் 25ஐ 24ஆல் வகுத்தால் விடை ஒரு மீட்டரைத் தாண்டும். சுவரில் பலமாக உதைப்பவர் தன் கைவீச்சு நீளமானது என்று நம்பிக்கொண்டிருப்பது இப்படித்தான்.

ரேட்டை அளக்க, கரையில் நிற்கும் ஒருவர் ஸ்டாப்வாட்சோடு உதவினால் போதும். வலக்கை நீருக்குள் நுழையும் நொடியில் அழுத்தி 'பூஜ்யம்' என்று தொடங்கி, அதே கை பத்தாவது முறை நுழையும்போது நிறுத்த வேண்டும். அது 20 வீச்சு. 1200ஐ விநாடியால் வகுத்தால் ரேட். 22 விநாடி ஆனால் 54 அல்லது 55. லேப்பின் நடுப்பகுதியில் எடுங்கள், சுவருக்குப் பக்கத்தில் வேண்டாம்.

கடிகாரம் காட்டும் ஸ்வோல்ஃப் எண்ணை, அதாவது ஒரு லேப்பின் விநாடியையும் வீச்சையும் கூட்டிய எண்ணை, இந்த முடிவுக்கு நம்ப வேண்டாம். ஒரு வீச்சைக் குறைக்க ஒரு விநாடி இழந்தாலும் அந்த எண் மாறாது. உயரம் வேறானவர்களின் எண்களை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

உலகச் சாதனையாளர்கள் என்ன செய்தார்கள்?

இரண்டு வழியிலும் சிகரம் தொட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கிராண்ட் ஹாக்கெட் ஆறரை அடி உயரம், நீண்ட அமைதியான கைவீச்சு. 2001இல் ஃபுகுவோகா உலகப் போட்டியில் 1500 மீட்டரை 14:34.56இல் முடித்தார், பத்து ஆண்டுகள் அந்தச் சாதனை நின்றது. அமெரிக்காவின் ஜேனட் எவன்ஸ் ஐந்தரை அடி உயரம்தான். கையை ஏறக்குறைய நேராகவே மேலே வீசி, இடைவிடாமல் சுழற்றினார். 800 மீட்டரில் 1989இல் அவர் படைத்த 8:16.22 சாதனையை 2008 வரை எவராலும் அசைக்க முடியவில்லை. எவன்ஸிடம் யாராவது "வீச்சைக் குறை, கிளைடு பண்ணு" என்று சொல்லி மாற்றியிருந்தால் அந்த 19 ஆண்டுச் சாதனை இருந்திருக்காது.

ஆகவே பக்கத்து லேனில் ஆறடிக்காரர் 17 வீச்சில் லேப் முடிக்கிறார் என்பதை உங்கள் இலக்காக வைக்காதீர்கள். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 22, 23 என்பது குறையே இல்லை.

ரேட்டும் லெங்த்தும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதும் முக்கியம். ரேட் ஏற ஏற லெங்த் குறையும் என்பதை ஆல்பர்ட் கிரெய்க்கும் டேவிட் பெண்டர்காஸ்டும் போட்டி நீச்சல்காரர்களை அளந்து 1979இல் காட்டினார்கள். ஓர் எல்லை வரை லெங்த்தில் இழப்பது கொஞ்சம், ரேட்டில் கிடைப்பது அதிகம், வேகம் கூடும். அந்த எல்லைக்கு அப்பால் கை மட்டும் சுற்றும், ஆள் நகர மாட்டார். அந்த எல்லை எங்கே என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

நீட்டும் வழி

லெங்த் என்றதும் கையை முன்னால் எவ்வளவு தூரம் நீட்டுகிறோம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது, நீரைப் பிடித்த கையைத் தாண்டி உடல் எவ்வளவு தூரம் போகிறது என்பது. அதைக் குறைப்பவை இரண்டு: உடலைப் பின்னால் இழுக்கும் தடை, பிடி கிடைக்காமல் வழுக்கும் கை.

தடையில் முதல் குற்றவாளி தொங்கும் கால். ஒரே அளவு முயற்சியில் 100 மீட்டரைச் சாதாரணமாக ஒருமுறை, காலை மிதக்க வைக்கும் புல் பாய் (pull buoy) என்ற மிதவையைத் தொடைக்கு நடுவே வைத்து ஒருமுறை நீந்திப் பாருங்கள். புல் பாயோடு 5 விநாடிக்கு மேல் வேகமாக வந்தால் உங்கள் நேரம் கரைவது காலில்தான். தலையைத் தூக்கி எதிர்ச் சுவரைப் பார்ப்பது, மூச்செடுக்கும்போது முழு முகத்தையும் வெளியே கொண்டுவருவது, மூச்சை உள்ளேயே அடக்கி நெஞ்சைப் பலூனாக்குவது ஆகியவை காலை இறக்கும். பார்வை ஒரு மீட்டர் முன்னே தரையில் இருக்கட்டும். மூச்செடுக்கும்போது கண்ணாடியின் ஒரு பக்கம் நீருக்குள்ளேயே இருக்கட்டும். ஓட்டக்காரர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் கணுக்கால் இறுகி இருப்பதால் பாதம் கொக்கிபோல் நின்று நீரை இழுக்கும். தினமும் சில நிமிடம் குதிகாலின் மேல் உட்கார்ந்து கணுக்காலைத் தளர்த்துவது நாலு வாரத்தில் பலன் தரும்.

அடுத்தது, கை நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே நுழைவது. வலக்கை இடப்பக்கம் போனால் இடுப்பு வளையும். சமநிலைக்காகக் கால்கள் கத்தரிபோல் விரியும். ஒவ்வொரு விரிப்பும் ஒரு பிரேக். கை தோளுக்கு நேர் எதிரே நுழைய வேண்டும். தனக்கு ரொம்ப அகலமாகப் போடுவதுபோல் தோன்றினால், அநேகமாக அதுதான் சரியான இடம். யாரையாவது முன்னிருந்து வீடியோ எடுக்கச் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பிடி விஷயத்தில் ஒரே விதி: விரல்நுனி மணிக்கட்டுக்குக் கீழே, மணிக்கட்டு முழங்கைக்குக் கீழே. முழங்கை சரிந்தால் உள்ளங்கை நீரைப் பின்னே தள்ளாமல் கீழே அழுத்தும். கீழே அழுத்தினால் நெஞ்சு எழும், கால் இறங்கும், மறுபடி தடை. முஷ்டி மடக்கி ஒரு லேப் நீந்தினால் உண்மை தெரியும். வழக்கமான 24 வீச்சு 28 ஆனால் முன்கையும் நீரைப் பிடிக்கிறது. 35ஐத் தாண்டினால் உள்ளங்கை மட்டும்தான் வேலை செய்கிறது. சரிசெய்ய, 8 × 50 மீட்டர் எடுங்கள். முதல் 25இல் கையை முன்னே நீட்டி ஸ்கல்லிங் (உள்ளங்கையால் நீரைப் பக்கவாட்டில் துழாவுவது) அல்லது முஷ்டி நீச்சல், அடுத்த 25 சாதாரண நீச்சல், இடையே 15 விநாடி ஓய்வு. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் வார்ம்-அப் முடிந்த உடனே. களைத்த பிறகு செய்தால் பழைய பழக்கம்தான் இறுகும்.

இந்த வழியின் விலை பொறுமை. பிடி மாற ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். முதல் மூன்று வாரம் நேரம் மோசமாகக்கூடப் போகலாம். பேடில் (உள்ளங்கையில் மாட்டும் தட்டு) போட்டுக் குறுக்குவழியில் போகப் பார்ப்பவர்களுக்குத் தோளின் முன்பக்கம்தான் முதலில் வலிக்கும். முழங்கை சரியும் பழக்கம் போகும் வரை பேடிலைப் பையிலேயே வையுங்கள்.

இதன் பெரிய ஆபத்து மிதமிஞ்சிய கிளைடு. வீச்சு எண்ணிக்கையையே குறிக்கோளாக வைத்தவர் முன்னே நீட்டிய கையை அப்படியே நிறுத்தி வைப்பார். மணிக்கட்டு மேலே மடங்கி உள்ளங்கை எதிர்ச் சுவரைப் பார்க்கும். அதுவே ஒரு பிரேக். நின்ற வேகத்தை மீட்க அடுத்த வீச்சில் கூடுதலாக இழுக்க வேண்டும். நீர்த்தடை ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. ஆகவே விட்டு விட்டுப் பாய்வதைவிட ஒரே சீராகப் போவது மலிவு. ஒரு கை வந்து தொடும் வரை மற்றக் கை காத்திருக்கும் கேட்ச்-அப் பயிற்சியையே தினமும் செய்து, அதையே தன் நீச்சலாக்கிக்கொண்டவர்கள் இந்த வகை. லேப்புக்கு 18 வீச்சு, ரேட் 42. கணக்குப் போட்டால் 100 மீட்டர் 1:55. வீச்சு 21 ஆனாலும் பரவாயில்லை என்று ரேட்டை 54க்கு ஏற்றினால் அதே ஆள் 1:45.

ரேட்டை ஏற்றும் வழி

ஏற்றுவது என்றால் கையை வெடுக்கென்று இழுப்பதில்லை. அப்படி இழுத்தால் கை நீரைக் கிழித்துக்கொண்டு வழுக்கும். குறைக்க வேண்டியது, கை முன்னால் சும்மா கிடக்கும் நேரம். கை நுழைந்து நீண்டதும் உடனே விரல்நுனி கீழ்நோக்கிச் சாயத் தொடங்க வேண்டும். இழுப்பின் வேகம் பழையபடியே இருக்கட்டும்.

இதற்கு நல்ல கருவி டெம்போ ட்ரெய்னர். நீச்சல் தொப்பிக்கடியில் காதோரம் செருகினால் வீச்சுக்கு ஒரு பீப் தரும். நிமிடக் கணக்கிலும் விநாடிக் கணக்கிலும் வைக்கலாம். விநாடியில் வைத்தால் 48க்கு 1.25, 54க்கு 1.11, 60க்கு 1.00, 66க்கு 0.91. கை நுழையும் நொடியும் பீப்பும் ஒன்றாக வர வேண்டும். முதல் நாள் எரிச்சலாக இருக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும்.

இந்த வழி பலன் தந்தால் சீக்கிரம் தரும். இரண்டு மூன்று வாரத்தில் நேரம் இறங்கும். கெடுவதும் சீக்கிரமே. முதலில் கெடுவது மூச்சு. நீருக்குள் முகம் இருக்கும்போதே முழுக்க ஊதி விடாதவர், வெளியே வந்து ஊதியும் இழுத்தும் நேரம் எடுப்பார். அதுவரை உடலைத் தாங்க முன்கை கீழே அழுத்தும், பிடி போய்விடும். ரேட் ஏறிய பிறகுதான் மூச்சு முட்டுகிறது என்பவர்களில் பலருக்கும் காரணம் ஊதாததுதான்.

இரண்டாவது கால். ஒரு சுற்றுக்கு ஆறு உதை போடும் பழக்கத்தோடு ரேட் 60க்குப் போனால் நிமிடத்துக்கு 180 உதை. தொடைத் தசை தின்னும் ஆக்சிஜனுக்கு ஈடுகொடுக்க முடியாமல் 400 மீட்டருக்குள் இதயம் படபடக்கும். சுற்றுக்கு இரண்டு உதை என்றால் 60தான். தூர நீச்சலில் ரேட்டை ஏற்ற நினைப்பவர் இரண்டு உதை முறையைக் கூடவே கற்க வேண்டும்: வலக்கை நுழையும்போது இடது கால் ஓர் உதை, இடக்கைக்கு வலது கால்.

மூன்றாவது, அவசரத்தில் வீச்சின் கடைசிப் பகுதியை வெட்டுவது. கை இடுப்பைத் தாண்டும் முன்பே வெளியே வந்துவிடும். தொடையின் பக்கவாட்டில் கட்டைவிரல் லேசாக உரசுகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

தோளையும் மறக்கக் கூடாது. லேப்புக்கு 23 வீச்சு என்றால் 1500 மீட்டரில் 1380 வீச்சு, ஒவ்வொரு தோளுக்கும் 690. ரேட்டை ஒரே வாரத்தில் பத்து ஏற்றுவது வேண்டாம்.

முடிவைச் சொல்லும் சோதனை

600 மீட்டர் நிதானமான வார்ம்-அப். பிறகு 7 × 50 மீட்டர். டெம்போ ட்ரெய்னரை உங்கள் வழக்கமான ரேட்டுக்கு 6 குறைவாகத் தொடங்கி, ஒவ்வொரு 50க்கும் 3 ஏற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே 30 முதல் 40 விநாடி ஓய்வு. நேரம், மொத்த வீச்சு, எவ்வளவு கஷ்டம் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண்: மூன்றையும் கரையில் இருப்பவர் எழுதிக்கொள்ள வேண்டும். பீப்பைத் தவிர எதையும் மாற்றக் கூடாது. ஏழாவதில் வீராப்பாக உதைத்தால் சோதனை கெட்டுவிடும்.

வழக்கமான ரேட் 51 உள்ள ஒருவரின் தாள் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

ரேட் 45: 44 வீச்சு, 64.7 விநாடி, கஷ்டம் 3
ரேட் 48: 45 வீச்சு, 62.3 விநாடி, கஷ்டம் 3
ரேட் 51: 46 வீச்சு, 60.1 விநாடி, கஷ்டம் 4
ரேட் 54: 47 வீச்சு, 58.2 விநாடி, கஷ்டம் 5
ரேட் 57: 48 வீச்சு, 56.5 விநாடி, கஷ்டம் 7
ரேட் 60: 51 வீச்சு, 57.0 விநாடி, கஷ்டம் 8
ரேட் 63: 55 வீச்சு, 58.4 விநாடி, கஷ்டம் 9

57 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரே ஒரு வீச்சுதான் கூடுகிறது. நேரம் ஏறக்குறைய இரண்டு விநாடி இறங்குகிறது. 60இல் மூன்று வீச்சு கூடி, நேரம் திரும்பி ஏறுகிறது. இவருடைய எல்லை 57. 1500க்கு இவர் தேர்ந்தெடுக்க வேண்டியது 54. 57இல் கஷ்டம் ஏழுக்குத் தாவிவிட்டதால் அதை 30 லேப்கூடத் தாங்க மாட்டார். இவர் மூன்று வாரம் ரேட்டில் வேலை செய்தால் உடனே பலன் காண்பார். இப்போதைக்கு லெங்த்தைத் தொடத் தேவையில்லை.

வேறொரு தாளில் 48க்கு 48 வீச்சு, 51க்கு 51, 54க்கு 54 என்று இருக்கலாம். மூன்றிலும் நேரம் 66 விநாடியில் நிற்கும், கஷ்டம் மட்டும் ஏறும். ரேட்டில் ஏற்றியது அத்தனையும் வழுக்கலில் போகிறது என்று பொருள். இவரை "வேகமாப் போடு" என்று விரட்டுவது அநியாயம். பிடியும் காலும் சரியாகும் வரை இவருக்கு நீட்டும் வழிதான்.

ஏழாவது 50 வரை நேரம் இறங்கிக்கொண்டே வந்து, கஷ்டமும் ஆறைத் தாண்டாதவர் மிதமிஞ்சிய கிளைடுக்காரர். மறுநாள் இன்னும் 6 ஏற்றித் தொடங்கி மறுபடி சோதிக்க வேண்டும். கிளைடு பழகிய பெரியவர்களில் இந்த வகையினர் கணிசம்; வீச்சைக் குறைக்கச் சொல்லும் அறிவுரை இவர்களுக்குத்தான் அதிகக் கெடுதல் செய்திருக்கிறது.

சோதனையில் நன்றாக வந்தும் 1500இல் நேரம் வராதவருக்கு வேறு சிக்கல்: களைப்பில் லெங்த் சுருங்குவது. ரேட் 54இல் லேப்புக்கு 22 வீச்சு என்றால் 100 மீட்டர் 1:50. அதே 54இல் ஆயிரம் மீட்டருக்குப் பிறகு 26 வீச்சு ஆனால் 2:08. கை அதே தாளத்தில் சுழல்வதால் தான் மெதுவாகிவிட்டது அவருக்கே தெரியாது. ஒவ்வொரு நூறிலும் மூன்றாவது லேப்பில் வீச்சை எண்ணிப் பாருங்கள். எந்த இடத்தில் இரண்டு கூடுகிறதோ, அதுவரைதான் உங்கள் தொழில்நுட்பத்துக்கு ஆயுள். இவருக்கான செட் 5 × 300, 20 விநாடி ஓய்வு, வீச்சு எண்ணிக்கையைக் காப்பதுதான் ஒரே இலக்கு.

தேர்ந்த பிறகு

ரேட் வழியை எடுத்தவருக்கு வாரத்தில் இரண்டு நாள் முதன்மை செட் 16 × 100. முதல் நான்கு பழைய ரேட்டில், அடுத்த நான்கு ஒன்று கூட்டி, பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஓய்வு 15 விநாடி. லேப்புக்கு ஒரு வீச்சு கூடினால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு கூடினால் அந்த நாளுக்கு அங்கேயே நிறுத்தி ஒரு படி இறங்குங்கள். அடுத்த வாரம் 8 × 200, அதற்கடுத்து 4 × 400. 400இல் நிலைத்த ரேட்தான் 1500க்குச் சொந்தமானது.

லெங்த் வழியை எடுத்தவர் மேலே சொன்ன 8 × 50க்குப் பிறகு, டெம்போ ட்ரெய்னரைத் தன் பழைய ரேட்டிலேயே பூட்டிவிட்டு 10 × 100 நீந்த வேண்டும். ரேட்டைப் பூட்டுவது முக்கியம். பீப் இல்லாவிட்டால் கை தானாகவே மெதுவாகி, வீச்சு குறைந்ததுபோல் காட்டும். ரேட் மாறாமல் வீச்சு 24இலிருந்து 23 ஆனால் அது அசல் முன்னேற்றம். லேப்புக்கு ஒரு விநாடிக்கு மேல், 1500இல் ஒரு நிமிடத்துக்கு மேல்.

கடலில் நீந்துபவருக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். குட்டி அலைகள் இடைவிடாமல் மோதும் நீரில் இரண்டு வீச்சுக்கு நடுவே விடும் இடைவெளியை அலை தின்றுவிடும். குளத்தில் 54இல் நீந்துபவர் கடலில் 57, 58க்குப் போவது நல்லது. கையையும் சற்று உயர்த்தி, அகலமாக வீச வேண்டும். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரையிலான பாக் நீரிணைபோல் மணிக்கணக்கில் நீந்தும்போது, எவ்வளவு உயர்ந்த ரேட் என்பதைவிட எவ்வளவு நேரம் மாறாத ரேட் என்பதே பெரிது. ஆங்கிலக் கால்வாய் போன்ற குளிர்ந்த நீரில் துணைப் படகில் இருப்பவர்கள் நிமிட வீச்சை அடிக்கடி எண்ணிக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. 60இல் போய்க்கொண்டிருந்தவர் 52க்கு இறங்கினால், அவர் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் குளிரோ களைப்போ உடலைப் பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆறு வாரம் கழித்து அதே குளத்தில், அதே வார்ம்-அப்போடு, அதே ரேட்டில் தொடங்கி 7 × 50 சோதனையை மறுபடி செய்யுங்கள். பழைய தாளையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒரே ரேட்டுக்கு எதிரே உள்ள வீச்சைப் பாருங்கள். அது குறைந்திருந்தால் லெங்த் வளர்ந்திருக்கிறது. இனி ரேட்டுக்குப் போகலாம். வீச்சு அப்படியே இருந்து, நேரம் திரும்பி ஏறும் இடம் 60இலிருந்து 63க்குத் தள்ளிப்போயிருந்தால் ரேட் பயிற்சி பிடித்திருக்கிறது. 1500க்கான ரேட்டையும் இரண்டு மூன்று ஏற்றிக்கொள்ளலாம். இரண்டுமே மாறவில்லை என்றால் செட்டை மாற்றுவதற்கு முன் நீருக்கடியில் பக்கவாட்டிலிருந்து ஒரு லேப் வீடியோ எடுத்து, முழங்கை எந்த நொடியில் சரிகிறது என்று ஒரு பயிற்சியாளரோடு உட்கார்ந்து பாருங்கள்.